ஆசையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள்

மாசிலாமணியின் குடி ஆசையை எடுத்து மனைவி கற்பகத்துக்குள் வைத்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது அவருக்கு பிராந்தியும் பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான். வாழ்நாளில் ஒரு சொட்டுகூடக் குடித்தறியாத கற்பகம், பொழுது சாய்ந்தால் நாக்கு வறண்டுபோய், ஒயின்ஷாப் இல்லாத தெருவாகப் பார்த்துச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்கிறாள்.

"நான் நல்லாயிருக்கேன் சிஸ்டர். இவதான் எடுத்ததுக்கெல்லாம் வள்ளுனு விழறா" என்றார் மாசிலாமணி, சிகிச்சை மையத்தில்.

நர்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. "சிகரெட்டையும் விட்டுடுங்க சார். அது இருக்கிற வரைக்கும் குடி திரும்பி வரப் பாக்கும். ஆனா சிகரெட் ஆசையை வைக்க அம்மாகிட்ட இனிமே இடமில்ல. வேற யாரு வாங்கிக்கிறாங்க?"

கல்லூரியில் படிக்கும் மகள் யாழினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். "நான் வாங்கிக்கிறேன்பா" என்று சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

மாசிலாமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா. யாருக்கும் வைக்க வேணாம். நானே வச்சுக்கிட்டு விட்டுடறேன்."

நர்ஸ் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. "ஆசையை உள்ள வச்சுக்கிட்டேவா? தப்பா நினைக்காதீங்க சார், உங்களால முடியாது. தூக்கம் வராது, கை நடுங்கும், எடுத்ததுக்கெல்லாம் வள்ளுனு விழுவீங்க. மனுஷன் தாங்குற வேதனையில்ல அது."

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். சுவரோரமாக நின்று கற்பகம் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுங்கிய விரல்களுக்கு மூடி பிடிபடவில்லை.