பச்சை பூத்த படுக்கைகள்

“பெத்த தாயே வந்தாலும் டெட்டால் போட்டுக் கை கழுவாம உள்ள வுட மாட்டேன்.” முகக்கவசம் கட்டிக்கொண்டு கதவை மறித்து நின்றார் ரெக்ஸ். உள்ளே பிஞ்சு உயிர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. வெளிக்காற்று பட்டால் ஆகாதாம்.

அவர் மனைவி லிடியா பெருமூச்சு விட்டபடி கையைக் கழுவினாள். மகள் பிறந்த அன்றுகூட இந்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசலில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது இத்தனை பாடும் உறியில் தொங்கும் சிப்பிக்காளான் பைகளுக்காக.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ரெக்ஸ், ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து வீட்டில் காளான் விஞ்ஞானி. வைக்கோலை வாசலில் விறகடுப்பு மூட்டி வேகவைத்து, ஆற்றித்தான் பையில் அடைத்துப் படுக்கை போட வேண்டும், இல்லாவிட்டால் காளானுக்கு முன்னால் பச்சைப் பூசணம் குடியேறிவிடும். பைக்குள் வெள்ளை படர்ந்ததும் கீறிவிட்டு, ஈரச் சாக்கு கட்டி, கொஞ்சம் காற்றும் வெளிச்சமும் காட்டினால் மொட்டு வரும். இதையெல்லாம் அவர் தினமும் ஜெபத்துக்கும் சோற்றுக்கும் நடுவில் விளக்குவார்.

விஞ்ஞானம் கிடக்கட்டும், லிடியாவுக்கு வேண்டியது அந்த அறை. மகள் ஏஞ்சலினுக்குத் தலைப்பிரசவம். உளுந்தூர்பேட்டையில் மாமியார் வீட்டிலிருந்து வளையல் போட்டு அழைத்துவர வேண்டும். வீட்டில் மற்ற இடமெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கள்ளக்குறிச்சி மே மாத வெயிலில் அடுப்புதான். தளம் போட்ட, வேப்பமர நிழல் விழுகிற ஒரே அறையில் காளான் குடியிருந்தது.

இப்போது தொங்குவதை அறுத்ததும் அறையைக் காலி செய்யும்படி கேட்டுப் பார்த்தாள்.

“ஹால்ல ஃபேன் இருக்குதில்ல? அடுத்த படுக்கையும் இங்கதான். சொன்னா சொன்னதுதான்.”

அதுதான் வினை. ரெக்ஸ் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியதாகச் சரித்திரமே இல்லை. கல்யாணமான புதிதில், மலையேறும் வெள்ளிமலை பஸ் இந்தப் பக்கம்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் பஸ்கள் நின்று நின்று போவதைப் பார்த்துக்கொண்டே பொழுது சாயும்வரை நின்றவர். அன்றைக்குக் கல்வராயன் மலையை லிடியா கீழே இருந்தே பார்த்தாள்.

அறுவடை முடிந்தது. புதுப் படுக்கை போடும் நாளில் வீட்டில் ஆள் நடமாட்டமே கூடாது என்று லிடியாவை வடக்கனந்தலில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாலையில் அவள் திரும்பும்போது புதுப் பைகள் வரிசையாகத் தொங்கின. படுக்கை போடுகிற நாளெல்லாம் புகை மூச்சை அடைக்கிறது என்று கேட்டிலேயே மறித்துச் சண்டை பிடிக்கிற பக்கத்து வீட்டு சுப்புராயன், அன்று சிரித்த முகமாக அண்ணன் நலம் விசாரித்தார். அவராவது திருந்தினாரே என்று லிடியா நினைத்துக்கொண்டாள்.

திருந்தாத மனுஷனுக்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. சமையலறை டப்பா ஒன்றில் மறந்துபோன பன் பச்சை பூத்துக் கிடந்தது. தரையில் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் உள்ளே போய், கதவோரப் பைகளின் துளைகளில் அதைக் கிள்ளிக் கிள்ளித் திணித்தாள். டெட்டால் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் செய்தாள், விதி என்றால் விதிதானே.

சில நாளில் கதவோரம், ஜன்னலோரம் என்ற பாகுபாடு இல்லாமல் அத்தனை பையும் பச்சை. அவள் கை படாத பைகளும் போட்டி போட்டுக்கொண்டு கெட்டதில் அவளுக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கர்த்தர் கொடுக்க ஆரம்பித்தால் தாராளமாகத்தான் கொடுக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ரெக்ஸ் பைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். பிறகு குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார். பிளீச்சிங் பவுடர் போட்டு அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கட்டிலையும் தானே இழுத்துப் போட்டார். நீ கேட்டதற்காக ஒன்றும் இல்லை, சுவரில் பூசணம் ஏறிவிட்டது, இனிமேல் இங்கே காளான் வராது என்று மறக்காமல் அறிவிக்கவும் செய்தார்.

ஏஞ்சலின் வந்து அந்த அறையில் காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கினாள். லிடியாவுக்குத்தான் தூக்கம் போனது. காளான் எப்போ சார் என்று ஆபீசில் ஆளாளுக்குக் கேட்கிறார்களாம், இவர் ஃபைலுக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறாராம். ஆசையாக வளர்த்ததைக் கெடுத்துவிட்டு எந்த முகத்தோடு கோயிலில் போய் நற்கருணை வாங்குவது? வீம்பு பிடித்த மனுஷன்தான், ஆனாலும் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, காபியைக் கையில் கொடுத்துவிட்டு அப்படியே எதிரில் நின்றாள்.

“என்ன மன்னிச்சிடுங்க. பூசணம் புடிச்ச பன்ன நாந்தான் பையில வச்சேன். பாப்பாவுக்கு ரூம் வேணும்னுதாங்க அப்பிடிப் பண்ணிட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

ரெக்ஸ் ஒரு வாய் காபி குடித்தார். மகள் தூங்குகிறாளா என்று அறைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னாத்துக்கு அழுதுக்கினு நிக்கிற? இந்த வாட்டி நான் வைக்கோல வேகவே வைக்கல.”