பின் டயர் மட்டும்

வெடித்த பின் டயரோடு கணவரின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, திருவையாற்றில் சிங்காரவேலுவின் கடைக்கு வந்தாள் அனுராதா.

"நாலு மாசத்துக்கு முன்னாடிதானே ரெண்டு டயரும் புதுசா போட்டீங்க?"

சிங்காரவேலு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "முன் டயர் புதுசாத்தாம்மா இருக்கு. பாரம் பூரா பின்னாடி விழுறதால பின் டயர் சீக்கிரம் தேயும். அதுக்குன்னு நாலே மாசத்துல ரப்பர் தேஞ்சு உள்ளே இருக்குற நூல் தெரியாது. தினமும் மூட்டை ஏத்துறாங்களா?"

"இல்லீங்க. விடியக்காலையில வயலுக்குத் தண்ணி பார்க்க எங்க வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போவாரு. வேற யாரும் தொடுறதில்ல."

"கேரியர் வளைஞ்சிருக்கு பாருங்க. இடுக்குல பூரா நெல்லு."

அனுராதா குனிந்து ஒரு நெல்லை உரித்தாள். உள்ளே சிவப்பு அரிசி. மாப்பிள்ளைச் சம்பா. ஊரில் அவர்கள் மட்டும்தான் அதைப் பயிரிட்டிருந்தார்கள்.

போன வாரம் களத்துக் கொட்டகையில் பாதி மூட்டைகளைக் காணவில்லை. "வீரையன் தூக்கிட்டுப் போனதை என் கண்ணால பார்த்தேன்" என்று கணவர் சொன்னார். அதை நம்பி, பதினெட்டு வருடம் தங்களிடம் உழைத்த மனிதரைத் தெருவே பார்க்கக் கன்னத்தில் அறைந்து விரட்டியவள் அனுராதா.

"புது டயர் போட்டுடவாம்மா?"

"வேணாங்க. எங்க வீட்டுக்காரரே வந்து கேட்கட்டும்."

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போகாமல், வீரையனின் தெருவை நோக்கி நடந்தாள்.