முதல் மழையில் பதினோரு படி

டிரைவரக்காவைத் தையல்காரி கடைசியாக உயிரோடு பார்த்தபோது அக்கா கையில் கடப்பாரை இருந்தது. மூன்று சனிக்கிழமை முதுகொடியத் தையல்காரி வைத்த பதினோரு கல்படிகளையும் ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க? நூல் பிடிச்சு வெச்சிருக்கேன். ஒரு இம்மி ஏறி இறங்கி இருக்கா, பாருங்க!"

"அதுதான் கோளாறு. இது என்ன பாவாடை மடிப்பா? பள்ளத்துப் பக்கம் ஒரு விரக்கடை சாயணும். இல்லேன்னா மழைத்தண்ணி வெளியே போகாது. படி வழியா இறங்கி மொத்தப் பாதையையும் அரிச்சிடும். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவ சொல்றேன், ரோடுகூட ஓரம் சாஞ்சுதான் இருக்கும்."

மலையேறும் பாதையைச் செப்பனிட வாராவாரம் வரும் மற்ற நாலு பெண்களும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தையல்காரிக்குச் சுருக்கென்றது.

"சம்பளமா தர்றீங்க? இருக்கிற ஒரு நாள் லீவையும் இந்த மலைக்குக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கியவள்தான். அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அதற்கு அடுத்த வாரம் டிரைவரக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். துக்கத்துக்குப் போன தையல்காரி வாசலோடு திரும்பி வந்தாள்.

பத்து நாள் கழித்து, காலையில், மழை பிடித்துக்கொண்டது. கூடவே, அந்த நாலு பேரில் ஒருத்தியான நர்ஸின் போன்.

"ஏய், மழைடி! கிளம்பு!"

"நான்தான் விட்டுட்டேனே."

"முதல் மழைக்கு எல்லாரும் மலையில இருக்கணும்னு அக்கா சொன்னது மறந்து போச்சா? தண்ணி எங்கே போகுதுன்னு மழையிலதான் தெரியும். இன்னிக்குப் பாதை அரிச்சா வனத்துறை இழுத்து மூடிடும். அதிகாரி வேற வர்றாரு."

"என் படியைப் பிடுங்கிப் போட்ட இடம் அரிச்சா, அந்தப் பழி உங்கக்காவுக்கு."

"சரி, அதைப் பார்க்கவாவது வாயேன்!"

அதைப் பார்க்கத்தான் போனாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஊசிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஐந்து பெண்கள், ஐந்து மழைக்கோட்டு, ஒரே ஓட்டம். முதல் வளைவில் அவர்கள் வெட்டிவைத்த வாய்க்காலை நோக்கிச் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது.

"திரும்பிடுச்சு! திரும்பிடுச்சு!" என்று பேக்கரிக்காரி குதித்தாள், வழுக்கி உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே சிரித்தாள்.

இரண்டாவது வளைவில் இலைக்குப்பை அடைத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் முழங்கை வரை கையை விட்டு வாரி எறிந்தாள். தண்ணீர் பீறிட்டு ஓடியது.

"அடைப்பு எடுத்தாச்சு, நோயாளி பிழைச்சாச்சு!"

தையல்காரிக்குக் கோபம் எந்த வளைவில் நழுவி விழுந்ததென்றே தெரியவில்லை. எல்லோருக்கும் முன்னால் மூன்றாவது வளைவுக்கு ஓடியவள் அப்படியே நின்றாள்.

படிகள் இருந்தன. பதினொன்றும் இருந்தன. அவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய அதே கற்கள், அதே வரிசை. ஆனால் ஒவ்வொன்றும் பள்ளத்துப் பக்கம் ஒரு விரக்கடை சாய்ந்திருந்தது. அவள் கண்ணை அந்தக் கோணல் உறுத்தியது.

மேலிருந்து தண்ணீர் வந்தது. முதல் படியில் ஏறியது, சாய்ந்தது, பள்ளத்தில் குதித்தது. மிச்சமும் நாலாவது படி வருவதற்குள் வழிந்து தீர்ந்தது.

"போயிடுச்சுக்கா!" என்று கத்தினாள் தையல்காரி.

யாரைப் பார்த்துக் கத்தினாள் என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான், "யாருடி வெச்சது?" என்றாள்.

"நீ வராத சனிக்கிழமை," என்றாள் நர்ஸ். "எங்களைத் தூக்கித் தரச் சொல்லிட்டு, அவங்களே தரையில படுத்துப் படுத்துச் சாய்வு பார்த்து வெச்சாங்க. உன் வரிசை ஒரு கல் மாறினா போதும், எங்களுக்கு விழுந்தது பாரு திட்டு!"

குடையைப் பிடித்துக்கொண்டு வனத்துறை அதிகாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"பாதை தப்பிச்சுதும்மா. மூடப் போறதில்லை. இந்த வளைவுதான் எனக்குச் சந்தேகமா இருந்தது. யார் வேலை இது?"

"டிரைவரக்கா வேலை," என்றாள் தையல்காரி. "நான் வெச்சது தப்பு. அவங்கதான் பிரிச்சுத் திருப்பி வெச்சாங்க."

அதிகாரி பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார்.

"இது அவங்க கடைசியா அனுப்பின அறிக்கை. இதுல வேற மாதிரி இருக்கேம்மா." மழைச் சத்தத்துக்கு மேலே உரக்க வாசித்தார். "'மூன்றாவது வளைவு, பதினோரு படி. வைத்தது தையல்காரி. முதல் தடவையே சரியாக வைத்துவிட்டாள். மாற்ற வேண்டி வரவில்லை.'"

அந்தத் தாள் இன்றும் வனத்துறைக் கோப்பில் இருக்கிறது. ஆறு வருடம் டிரைவரக்கா எழுதிக் கொடுத்த அறிக்கைகளில் பொய் என்று இருப்பது அந்த ஒரு வரிதான்.