நோயுற்ற நுரையீரல்

“மாஸ்டர், என் நெஞ்சை ஊரே வேடிக்கை பார்க்கணுமா?” என்று முனகினார் வாட்ச்மேன்.

“அப்பவாவது பீடியை விடுறியான்னு பார்ப்போம். நீ போய்ட்டா நான் யார்கூடய்யா டீ குடிக்கிறது?”

நுரையீரல் புற்றுநோய் விழிப்புணர்வு நாளுக்கு, கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டு எக்ஸ்ரே படங்கள் தயார் செய்திருந்தார். எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? வாட்ச்மேனுடையதை ‘நோயுற்ற நுரையீரல்’ என்ற அட்டையின் கீழ் மாட்டினார். பீடி, சிகரெட் வாசனையே ஆகாத ஒருவருடையதை ‘நலமான நுரையீரல்’ என்ற அட்டையின் கீழ் மாட்டினார்.

கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த டாக்டர் சிரித்துவிட்டார்.

“படத்தை மாத்தி மாட்டிட்டீங்களே!”

அவரே கழற்றி, இடம் மாற்றி மாட்டினார். வாட்ச்மேனின் படத்தைக் காட்டி, “இதுல இப்போதைக்கு ஒண்ணும் தெரியல” என்றார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

“இதைப் பாருங்க. எவ்வளவு பெரிய கட்டி! புகைக்காதவங்களுக்கும் வரும். வெறும் இருமல்தானேன்னு விட்டிருப்பார், பாவம்.”

டாக்டர் குரலைத் தாழ்த்தி ஆசிரியரிடம் கேட்டார்:

“ஆள் இப்ப உயிரோட இருக்காரா?”

பக்கத்தில் நின்றிருந்த வாட்ச்மேன்தான் பதில் சொன்னார்.

“அவர்கிட்டதாங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்க.”