மாமனார் கேட்ட கதை

என் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் எடுத்த நான்கு படங்களின் கதையும் நான் எழுதியது. திரையில் நான் நடிகை மட்டும்தான். கதை என்ற இடத்தில் என் கணவர் பெயர் வரும்.

"அஞ்சாவதுக்காவது என் பேரைப் போடுங்க," என்றேன்.

"உனக்கெல்லாம் நடிப்பு போதும். எழுத மூளை வேணும்டி," என்றபடி புதுக் கதையைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

தயாரிப்பாளரான என் மாமனார் எதையும் படிக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்பார். அன்றும் அப்படித்தான். கணவர் ஏற்ற இறக்கத்தோடு கதை சொன்னார். நான் ஓரமாக உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக் கட்டத்தில் மாமனார் கண் திறந்தார்.

"எங்கடா பிடிச்ச இதை?"

"என் சொந்தச் சரக்குப்பா. வரிக்கு வரி!"

"அப்படியா? க்ளைமாக்ஸை நான் சொல்றேன், கேளு."

கடைசி வசனம்வரை பிசகாமல் சொன்னார்.

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடி நான் எழுதி எடுத்த முதல் படம்டா இது. மூணே நாள்ல பெட்டிக்குள்ள போயிருச்சு."

கணவரின் முகம் வெளிறியது. மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ, அந்த நாலு கதையும் யாரோடதும்மா?"

"என்னோடது மாமா. இது ஒண்ணுதான் உங்க பீரோவுல இருந்த பழைய கதை நோட்டைப் பார்த்து எழுதி வெச்சேன்."