கதவு மறுத்த மூச்சு

செந்தூரன் மூன்றாவது முறையாகக் கதவின் துளையில் ஊதினார்.

"மூச்சில் பூஞ்சை இருக்கிறது. அனுமதி இல்லை" என்றது கதவு.

புற்றுநோய் சிகிச்சை முடிந்து மகள் நறுமுகை அன்றுதான் வீடு திரும்பியிருந்தாள். சின்னப் பூஞ்சைகூட அவள் உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் பொருத்திவிட்டுப் போன கதவு அது.

"ஏனுங்க, இன்னைக்கும் கொப்பரைக் களத்துக்குப் போய்ட்டு வந்தீங்களாக்கும்?" என்று மனைவி பிரமிளா உள்ளிருந்து கேட்டாள்.

"ரெண்டு வாட்டி குளிச்சுட்டுத்தான் வந்தேன். காத்தால எனக்குப் பார்த்த ரத்தப் பரிசோதனைல பூஞ்சையே இல்லைன்னாங்க. இந்தக் கதவு இருக்குங்குது. நான் எதை நம்பறது?"

காங்கேயத்துக் களத்தில் இருபது வருடமாகப் பூசணம் பிடித்த தேங்காய்க் கொப்பரையை முகர்ந்தே ஒதுக்குகிறவர் அவர். உள்ளங்கையில் ஊதி, தன் மூச்சையும் முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்பா, நானே வெளிய வரட்டுங்களா?" மகளின் குரல் கதவை ஒட்டிக் கேட்டது. "உள்ள இருந்து தொறந்தா இது ஒன்னுமே கேக்காதுங்கப்பா."

தாழ்ப்பாள் அசைந்தது.

"வேண்டாங் கண்ணு!" என்று கத்தினார். கத்தினால் மூச்சு இன்னும் அதிகமாக வெளியேறுமோ என்று பயம் வந்தது. வாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார்.