நாலாம் நம்பர்

"அந்தம்மாவை யாராவது வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்களேன். மனுஷனை நிம்மதியா விட மாட்டாங்க போலிருக்கே" என்றார் பல் டாக்டர்.

மாதிரி விமானச் சங்கத்தில் அன்று தகுதி நாள். விதி ஒன்றே ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு உறுப்பினரும் தன் கையால் ரிமோட்டைப் பிடித்து, விமானத்தை ஏற்றி, மைதானத்தை இரண்டு சுற்று சுற்ற வைத்து, வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே இறக்க வேண்டும். தவறினால் உறுப்பினர் நம்பர் போய்விடும். அடுத்த வாரத்திலிருந்து வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம்.

எல்லோரும் முடித்துவிட்டார்கள். பாக்கி நாலாம் நம்பர் மட்டும். இருபத்தொன்பது வருடமாக ஒரு தகுதி நாளைக்கூடத் தவற விடாத மனிதர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி அதே பஸ்ஸில் கண்டக்டர். இன்றைக்கும் அவருக்குப் பின்னால், தோளை உரசாத குறையாக நின்றுகொண்டிருந்தார்.

"காத்து இடது பக்கத்துலேர்ந்து வருதுங்க. ரெண்டடி முன்னால வாங்க. போதும், அங்கேயே நில்லுங்க."

"சரி" என்றார் டிரைவர்.

பல் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சங்கத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நாலாம் நம்பரை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார். ஆனால் அபிப்பிராயம் சொல்ல அதுவே அவருக்குத் தாராளம்.

"பஸ்ல விசில் ஊதின பழக்கம் போகலை. வீட்டிலேயும் டபுள் விசில் கொடுத்தாத்தான் சாப்பிடவே உட்காருவார் போல" என்று பக்கத்தில் இருந்தவரின் காதைக் கடித்தார்.

அதற்குள் செயலாளர் வந்துவிட்டார். சிரித்தால் முகம் தேய்ந்துவிடும் என்று நினைப்பவர் அவர்.

"எல்லாரும் வேலிக்குப் பின்னால போங்க. எந்த இன்ஜினும் ஓடக் கூடாது. பேச்சு, கைதட்டல், எதுவும் வேண்டாம். விமானம் இறங்கற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"இதென்ன பரீட்சை ஹாலா?" என்றார் டாக்டர். "நாங்க ஓட்டினப்ப இதெல்லாம் சொல்லலையே. சரி, அப்ப அந்தம்மா?"

செயலாளர் காதில் விழாதவர் போலக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"போலாம், ரைட்" என்றார் கண்டக்டர் அம்மா.

மஞ்சள் விமானம் புல்லில் குலுங்கிக் குலுங்கி ஓடியது.

"நேரா... நேரா... இப்பத் தூக்குங்க."

சக்கரங்கள் தரையை விட்டன. அத்தனை பேர் மனசும் அதோடு சேர்ந்து மேலே போனது. ஓட்டை உடைசல், ஒட்டுப்போட்ட இறக்கை, ஆனாலும் என்ன அழகாக ஏறுகிறது.

"வலது. இன்னும் வலது. போதும்."

முதல் சுற்று முடிந்தது. கூட்டத்தில் யாருக்கும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இரண்டாவது சுற்றில் விமானம் மைதானக் கோடியில் இருந்த மரங்களை நோக்கித் திரும்பியது.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. இந்த அம்மா கத்தலாம், நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டுமா? தன் விமானத்தின் இன்ஜினைத் தட்டிவிட்டார். அது காதைப் பிளக்கும்படி அலறியது.

கண்டக்டர் அம்மாவின் வாய் அசைந்தது. குரல் கேட்கவில்லை. டிரைவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். மஞ்சள் விமானம் மூக்கைக் கவிழ்த்து நேராக மரத்தைப் பார்த்து இறங்கியது.

அறுபது வயதுச் செயலாளர் எப்படித்தான் ஓடி வந்தாரோ, டாக்டருடைய விமானத்தின் ஒயரைப் பிடுங்கிக் கையோடு எடுத்துக்கொண்டார். சத்தம் நின்றது.

"தூக்குங்க. முழுசாத் தூக்குங்க. இடது, இடது..." என்று கத்தினார் கண்டக்டர் அம்மா.

விமானம் உச்சிக் கிளையின் இலைகளை உரசிக்கொண்டு மேலே வந்தது. யாரோ "அப்பாடா" என்று சொல்லிவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இப்போது அந்த அம்மாவின் குரல் மாறியது. சந்துக்குள் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வைக்கும்போது பின்னால் நின்று கொடுப்பாரே, அதே குரல்.

"வரலாம்... வரலாம்... மெதுவா வரலாம்... இன்னும் கொஞ்சம்... ஹோல்டான்."

மூன்று சக்கரமும் தரையைத் தொட்டன. விமானம் உருண்டு வந்து கோடுகளுக்கு நடுவே நின்றது. முதலில் கை தட்டியது செயலாளர்தான். அப்புறம் மைதானமே விசிலடித்துக் குதித்தது.

விமானம் எதிரிலேயே, பதினைந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "கோட்டுக்குள்ளதானே?"

"நட்டநடுவுலங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டருக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. செயலாளரிடம் வந்து நின்றார்.

"என் ஒயரைப் பிடுங்க உங்களுக்கு யார் சார் உரிமை கொடுத்தது? தன் கையால ஓட்டணும்னு விதி. இங்கே ஓட்டினது அந்தம்மாவோட வாய். இந்த வருஷம் அவருக்கு நம்பர் கொடுத்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

செயலாளர் பதிவேட்டைத் திறந்து நாலாம் நம்பருக்கு நேரே 'தேர்ச்சி' என்று எழுதினார். டிரைவரிடம் பேனாவைக் கொடுத்தார். கண்டக்டர் அம்மா கணவரின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கொண்டுபோய், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தார்.

டாக்டர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிடுங்கிய ஒயரை அவர் கையில் திருப்பிக் கொடுத்தபடி செயலாளர் சொன்னார்: "கை அவரோடதா இருக்கணும்னுதான் டாக்டர் விதியில போட்டிருக்கு. கண்ணும் அவரோடதா இருக்கணும்னு எங்கேயும் போடலையே."